பதினான்கு நொடிப் பச்சை

சத்திபல்டிக்கு எழுபத்தொன்பது வயது. எங்கள் பிஷ்கெக் நகரில் முப்பத்தாறு வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்த மனிதர். உலகத்தையே வரைபடத்தில் சுற்றிக் காட்டியவருக்கு வீட்டெதிர் சாலையைக் கடக்க முடியவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவர் மனைவி குலிப்பா அங்கேதான் கிடந்தார். பார்வை நேரம் நாலிலிருந்து ஐந்து. கணவர் ஊட்டினால்தான் அந்த அம்மாள் வாயைத் திறப்பார்.

ஆறு வரிசைச் சாலை அது. பாதசாரிகளுக்குப் பச்சை பதினான்கு நொடி. அவர் கால்களுக்கு முப்பது நொடியாவது வேண்டும். பெரியவர்கள் நடக்கும்போது குறுக்கே போகக்கூடாது என்று தவழும் வயதிலேயே கற்றுக்கொள்ளும் கூட்டம் நாங்கள். ஸ்டியரிங்கைத் தொட்டதும் அதெல்லாம் காற்றோடு போய்விடும். தூ!

பச்சையை நீட்டச் சொல்லி ஏழு மனுப் போட்டார். அதிகாரிகள் ரொம்ப யோசித்து ஒரு பலகை நட்டார்கள். கைத்தடி ஊன்றிய கிழவன் படம், கீழே ‘முதியோரை மதிப்போம்’. இதற்கு ஒரு திறப்பு விழா வேறு! பெரியவர் ஒருவர் ஆசி சொல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் தொடங்காது. மனுப் போட்ட கிழவரையே பிடித்து வந்தார்கள்.

“ஐயா, சட்டுனு ஒரு ஆசி குடுத்துடுங்க. டிவிக்காரங்க காத்துட்டிருக்காங்க” என்றான் துணை அதிகாரி மெதெர்.

“குடுக்குறேன் தம்பி. மொதல்ல என்னை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ. மணி நாலாகப் போகுது.”

காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடி மெதெர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே விழாவுக்கு வந்த நாங்களும். மூன்றாவது வரிசைக்கு வந்தபோதே விளக்கு மாறியது. ஹாரன்கள் அலறின. மெதெர் பிடித்த கையை உதறிவிட்டு ஓடினான். கோட்டு பறக்க ஓடியே போனான், அந்த வீரன்! பக்கத்து வீட்டுக்காரன் நான்தான் கார்களுக்கு முன்னால் கையை விரித்து நின்று, கிழவரைக் கரை சேர்த்தேன்.

அங்கே வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தான் மெதெர். “ஐயா, இப்பச் சொல்லலாமே?”

சத்திபல்டி மூச்சு வாங்கியபடி இரண்டு கைகளையும் ஏந்தினார். எல்லோரும் ஏந்தினோம்.

“தம்பி மெதெர், உனக்கும் என் வயசு வரட்டும். உனக்கு வேண்டியவங்க ரோட்டுக்கு அந்தாண்ட காத்துக் கெடக்கட்டும். பச்சை மட்டும் பதினாலு நொடியாவே இருக்கட்டும்.”

“ஓமின்”, அப்படியே ஆகட்டும் என்று பழக்கதோஷத்தில் எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டோம். மெதெரும் உரக்கச் சொல்லித் தடவினான். பாதிக் கன்னத்தில் அவன் கை நின்றுவிட்டது.