மூன்றாம் வரிசை

தமன்ஹூர் சந்தைக்குப் பின்னாலிருந்த பரிசோதனைக்கூடத்தில் இன்ஷிரா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மூத்த மகனின் பெயரால் எல்லோருக்கும் அவள் உம்மு ரஜப். கண்ணாடிக் குழாய் கழுவ வந்தவள், இருபத்தாறு வருடம் நின்றபடியே வேலையைக் கற்றுக்கொண்டாள். ரத்தத்திலிருந்து ஈரல் கிருமியின் மரபிழையைப் பிடித்தெடுப்பதில் அவள் கையை மிஞ்ச ஆளில்லை. நின்றதற்குக் கூலியாகக் கால் நரம்புகள் முறுக்கி நீலமாகப் புடைத்திருந்தன. அறுவை மருத்துவரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருந்து, அன்றைக்குத்தான் ஒரு மணிக்கு நேரம் கிடைத்திருந்தது.

அன்றைக்கென்று பார்த்துப் பாலைவன மணலை வாரிவரும் கமாசீன் அனல்காற்று. வெளியே வானம் மஞ்சளாகிவிட்டது. ஏசி நின்றுபோய், மூன்றாம் வரிசைக் குழாய்களுக்கு நேர் மேலே மின்விசிறி அனலைக் கொட்டிக்கொண்டிருந்தது.

மாவைவிட மெல்லிய காந்த மணிகளில் மரபிழை ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை அருகே வைத்தால் மணிகள் குழாயின் ஓரத்தில் பழுப்புப் பொட்டாக அப்பிக்கொள்ளும். ஸ்பிரிட்டால் கழுவி, உலர்த்தி, தண்ணீர் விட்டால் இழை கழன்று வரும். ஈரம் மிஞ்சினால் சோதனை கெடும். அளவுக்கு மேல் காய்ந்தால் மணி இழையை விடாது. உலர்த்த இன்ஷிரா வைத்திருந்த அளவு, வராந்தாவில் நின்று ஒரு கிளாஸ் டீ குடிக்கும் நேரம். அவளைப் பார்த்து எல்லோரும் டீயால்தான் அளந்தார்கள்.

அன்றும் குடித்துவிட்டு வந்தாள். மூன்றாம் வரிசைப் பொட்டுகள் நீர் வற்றிய வாய்க்கால் போல வெடித்திருந்தன. பார்த்தாள். மருத்துவர் ஒரு மணிக்குக் கொடுத்திருந்த நேரம் நினைவுக்கு வந்தது. தண்ணீரை விட்டுவிட்டாள்.

பதினொன்றரைக்கு முடிவு திரையில் வந்தது.

"எல்லாருக்குமே 'கிருமி இல்லை'. கையெழுத்துப் போட்டுடவா, உம்மு ரஜப்?" என்றார் கூடத்தின் பொறுப்பாளர் டாக்டர் நகாத்தி. "நீங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

ஒவ்வொரு குழாயிலும் காவலுக்கென்று அவளே ஒரு தெரிந்த இழையைப் போட்டிருப்பாள். இழைகளைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் இயந்திரத்தில் வழக்கமாக அது இருபத்தாறாம் சுற்றில் தலைகாட்டும்; இழை குறைந்தால் தாமதமாகும். மூன்றாம் வரிசையில் முப்பத்தொன்றில் வந்திருந்தது.

"லேட்டா வந்திருக்கு, டாக்டர்."

"முப்பத்திரண்டு வரைக்கும் செல்லும்னு புத்தகத்துலயே இருக்கே."

"புத்தகம் எழுதினவரு கமாசீன்ல டீ குடிச்சிருக்க மாட்டாரு. தப்பு எம்மேல. காய விட்டுட்டேன். நான் போட்ட இழையே சரியா கழலல. கொஞ்சூண்டு கிருமி இருக்கிறவங்களோடது எங்கேருந்து கழலும்?"

"உங்க காலு?"

"இத்தன வருஷம் புடைச்ச காலு, இன்னிக்கா வெடிச்சிடப்போகுது?"

மூன்றாம் வரிசையின் எட்டுப் பேரும் வராந்தா பெஞ்சில் இருந்தார்கள். மூன்று மாதம் மாத்திரை விழுங்கி முடித்தவர்கள். 'இல்லை' என்று சீட்டு வாங்கினால் இனி மாத்திரை வேண்டியதில்லை. பஸ் ஓட்டுநர் மெத்வல்லி இனிப்புப் பெட்டியோடேயே வந்திருந்தார்.

"முடிவு வந்துடுச்சுன்னு உள்ள பேச்சு கேட்டுச்சே. பொறகு ஏம்மா காக்க வெக்கிற? பஸ்பூஸா உருகுது."

"உருகினா கரண்டியால சாப்பிடலாம், அண்ணே. மறுபடி பாக்கணும். என் கை தப்பு."

"உன் கையா? அப்போ என் பஸ்ஸுக்கு பிரேக் இருக்கான்னு நானும் பாக்கணும்!"

பெஞ்சே சிரித்தது. ஓரத்தில் கீரை விற்கும் ஸனிய்யா மட்டும் முக்காட்டு நுனியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

குளிர்பெட்டியில் மிச்சமிருந்த ரத்தநீர் இன்னொரு முறைக்குத்தான் காணும். இம்முறை டீ இல்லை. விசிறியை அணைத்துவிட்டு, விளக்கடியில் ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தாள். பளபளப்பு போனதும், வெடிப்பு விழுமுன், தண்ணீர். வலக்கால் வலிக்கும்போது இடக்காலில் நின்றாள். பிறகு இரண்டும் வலித்தன. கடிகாரம் ஒரு மணியைத் தாண்டியதை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

இரண்டரைக்கு முடிவு வந்தது. காவல் இழை எட்டிலும் இருபத்தாறில் நின்றது. ஏழு பேருக்கு 'இல்லை'. மெத்வல்லிக்கும்தான்.

"இதைக் காலையிலயே குடுத்திருக்கலாமே!" என்று அவள் கையில் ஒரு துண்டு பஸ்பூஸாவைத் திணித்துவிட்டுப் போனார். விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

எட்டாவது ஸனிய்யாவுடையது. முப்பத்தைந்தாம் சுற்றில் கிருமியின் கோடு எழுந்திருந்தது.

இன்ஷிரா வெளியே வந்து, காலியான பெஞ்சில் அவளருகே உட்கார்ந்தாள். கதவருகே நின்ற நகாத்தி, நோயாளிப் பெண் யாரோ என்று நினைத்து மறுபடி பார்த்தார்.

"ஸனிய்யா, கொஞ்சம் மிச்சமிருக்கும்மா. இன்னொரு மூணு மாசம், வேற மாத்திரை."

"காலையில என்ன வந்துச்சு, அக்கா?"

"இல்லைன்னு."

"அதையே குடுத்திருக்கலாம்." கோபமில்லாமல்தான் சொன்னாள்.

 இன்ஷிரா பஸ்பூஸாவைப் பிட்டுப் பாதியைக் கொடுத்தாள். ஸனிய்யா அதைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு, இன்ஷிராவின் பாவாடைக்குக் கீழே தெரிந்த நீல முடிச்சுகளைப் பார்த்தாள்.

"இதை யார்கிட்டயும் காட்டலையா?"

"இன்னிக்குத்தான் காட்டறதா இருந்துச்சு. நேரம் போயிடுச்சு. திரும்ப மூணு மாசம் ஆகும்."

ஸனிய்யா முக்காட்டை உதறினாள். மடியிலிருந்து மணல் கொட்டியது.

"அப்போ மெதுவா எந்திரிங்க," என்று கை கொடுத்தாள்.