எண்பத்தெட்டு மார்க்

அந்தக் கணக்கு வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் அரை மார்க். விடை சரியாக இருந்தாலும் கோடு கோணலாக இருந்தால் அரை மார்க் வெட்டுவார். பெற்ற மகளுக்கே வெட்டியவர். ஓய்வு பெற்றபின் வெட்ட ஆளில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும் குட்டிக் கருவியை மகள் அனுப்பிவைத்தாள். கூடவே வந்த குறிப்புத்தாளை அவர் பிரிக்கவே இல்லை. நூற்றுக்கு எவ்வளவு என்பதை அவருக்கா சொல்லித்தர வேண்டும்?

வீடு பரீட்சை ஹால் ஆனது. தினமும் தன் விரலுக்கும் மனைவி விரலுக்கும் பரீட்சை. அவருக்குத் தொண்ணூற்றேழு. மூன்று மார்க் எங்கே போனது என்று நாளெல்லாம் புலம்பினார். பச்சைத் தண்ணீரில் குளித்த கையோடு வைத்தால் தொண்ணூற்றொன்று. விரலைத் தேய்த்துச் சூடாக்கியதும் பழையபடி ஏறியது. "பாத்தியா, முயற்சி பண்ணா மார்க் வரும்" என்றார் மனைவியிடம். ஓயாமல் சிகரெட் ஊதும் எதிர்வீட்டு டிரைவருக்குத் தொண்ணூற்றெட்டு வந்தபோதுதான் பொறுக்கவில்லை. "பிட் அடிச்சிருக்கான்!" அதில் பாதி நிஜம். புகையோடு ரத்தத்தில் ஏறும் நச்சு வாயுவையும் ஆக்சிஜன் என்றே எண்ணி ஏமாந்துபோகும் கருவி அது.

மனைவிக்கு நாலு நாளாகக் காய்ச்சல், இருமல். துணி காயப்போட மாடி ஏறியவள் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் ஓடிவந்து விரலில் கருவியை மாட்டினார். எண்பத்தெட்டு.

"மூச்சு வாங்குதுங்க."

"எண்பத்தெட்டு எடுத்துட்டு எதுக்கு மூக்கால அழுற? என் சர்வீஸ்ல எண்பத்தெட்டு வாங்கினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். என்ன, எனக்கு அடுத்துதான் நீ."

பெருமை தாங்காமல் மகளுக்குப் போன் போட்டார். எதிர்முனை அலறியது.

"அப்பா, இது பரீட்சை இல்ல! தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும். தொண்ணூறுக்குக் கீழ போனா ஆபத்து. அம்மா நகத்துல சாயம் ஏதாவது இருக்கா? விரல் சில்லுன்னு இருக்கா? தேச்சுவிட்டு, கையை ஆட்டாம மறுபடி வைங்க."

சாயம் இல்லை. விரல் காய்ச்சலில் கொதித்தது. மறுபடி வைத்தார். எண்பத்தாறு.

வாத்தியார் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டு டிரைவர்தான் வண்டியை எடுத்தான். நிமோனியா, நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்.

ஆக்சிஜன் ஏற ஏறக் கட்டிலருகே எண் தொண்ணூற்றுநாலுக்கு வந்தது. வாத்தியாருக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"இவ்வளவு மூச்சு முட்டியிருக்கு, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அவள் மாஸ்க்கை லேசாகத் தூக்கினாள்.

"தினமும் என் விரலைப் பிடிச்சுப் பாத்தீங்களே... ஒரு நாளாவது என் மூஞ்சியைப் பாத்தீங்களா?"

"மாஸ்க்கைப் போடு" என்றார்.