டிவிடிக்கு வைத்த பொட்டு

இதை எழுத இத்தனை வருஷமாக எனக்குத் தைரியம் வரவில்லை. நேற்று என் மகன், வீட்டிலிருந்த டிவிடிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒன்று கரகரவென்று சுற்றி நின்றது. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆயுதபூஜையன்று எல்லாப் பொருளுக்கும் பொட்டு வைத்த நான், செத்துப்போன அம்மா பேசுகிற ஒரே டிவிடிக்கும் மினுங்குகிற பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். பயந்துபோய்ப் பாத்திரம் விளக்கும் தூளால் தேய்த்தேன். கீறல் விழுந்தது. சமயபுரத்தாளை வேண்டிக்கொண்டு உறைக்குள் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நகல் எடுக்க, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அரியலூர் ஸ்டுடியோவுக்குப் போனார். மிஷினில் இதே கரகரப்பு. படம் வரவில்லை.

"நல்லாத்தானய்யா குடுத்தேன், என்ன பண்ணித் தொலைச்ச?"

கடைக்கார அண்ணன் டிவிடியை வெளியே எடுத்தார். நடு ஓட்டையைச் சுற்றிக் குங்குமம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"மிஷின் கீறிப்புடுச்சுங்கண்ணே. என் தப்புதான்."

"நீ வெளங்குவியாடா?" என்ற அப்பா, சாகும்வரை அவரை ஊரெல்லாம் ஏசினார். நான் வாயே திறக்கவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரு சொல்லும் மாற்றாமல், பழியை என் பேரிலேயே சொல்லுங்கள்.