ஐந்து யூனிட்டுக்கும் வெள்ளைப் பூ

தீராத நோய் தீர்ந்ததையும், கிடைக்காத பிள்ளை வரம் கிடைத்ததையும் அன்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வரிசையில் வந்து நின்று, "எனக்கு அம்மன் அரியர் பேப்பரைத் தாண்ட வைத்தாள்" என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அரியரும் அப்படித்தான்.

எனக்கு வெண்ணந்தூர் பக்கம் ஒரு கிராமம். சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். மூன்று வருடம் முடிந்தபோது எல்லாப் பேப்பரிலும் பாஸ், ரியல் அனாலிசிஸ் ஒன்றைத் தவிர. அதை மறுபடி எழுதினேன். மறுபடியும் ஃபெயில். கூடப் படித்தவர்கள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு பட்டம் வாங்கும் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டார்கள். நான் எல்லோருக்கும் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

பட்டம் கிடைக்காததற்காக மட்டும் அழவில்லை. அப்பா இறந்த பிறகு என்னையும் அம்மாவையும் தாங்கியது அம்மாவின் தம்பி, என் மாமா. போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். என் படிப்புக்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி எழுதிப் பாரு சாமி. பாஸாயிட்டீன்னா மேல படி. இல்லீன்னா பேசாம வந்து ரிக்குல ஏறிக்க. நானும் எத்தன நாளைக்குத்தான் ஒத்த ஆளா ஊரு ஊராத் திரியறது?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தப்பெல்லாம் என் மூக்கில் இருந்தது. ஒரு லீவில் அவரோடு ரிக்கில் போயிருக்கிறேன். பாறைத் தூசு கிளம்பியதும் தும்ம ஆரம்பித்தேன். குழாயில் தண்ணீர் வந்த பிறகும் என் தும்மல் நிற்கவில்லை. அதோடு எனக்குக் கணக்கு வாத்தியாராக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அதற்கு எம்.எஸ்சி. சேர வேண்டும். அரியரை வைத்துக்கொண்டு போனால் கல்லூரி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஏன் ஃபெயில் ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேப்பருக்கு ஐந்து யூனிட். பெரிய கேள்விகளில் ஐந்துக்கு மூன்று எழுதினால் போதும். அதனால் இரண்டு யூனிட்டைச் சாய்ஸில் விட்டுவிடலாம் என்பது எங்கள் ஊர் மாணவர்களின் வேதம். முதல் தடவை கடைசி இரண்டு யூனிட்டை விட்டேன். கேள்வித்தாள் முழுக்க அவைதான் வந்தன. உஷாராகி, அடுத்த தடவை முதல் இரண்டை விட்டேன். இந்த முறை அவை வந்து உட்கார்ந்திருந்தன. கேள்வி எடுத்தவர் என் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போயிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆகவே இந்த முறை எந்த இரண்டை விடுவது என்று அம்மனையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர்க் காளியம்மன் கோயிலில் பூக் கேட்பது வழக்கம். பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா, எதற்கும் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் இலையில் மடித்து அம்மன் காலடியில் பூசாரி வைப்பார். மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

ஐப்பசி மாதம் பரீட்சை நெருங்கியபோது நண்பன் ரஃபீக்கின் பைக்கில் கோயிலுக்குப் போனேன். ரஃபீக் என் வகுப்பு. எல்லாப் பேப்பரும் பாஸாகி, சேலத்தில் அவன் அப்பாவின் பாத்திரக் கடையில் இருந்தான். வழியெல்லாம், "முதல் யூனிட்டை விட்டுவிடட்டுமா தாயே, இரண்டாவதை விட்டுவிடட்டுமா தாயே" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் அம்மன் முன்னால் நின்றதும் என்னவோ ஆகிவிட்டது. அவள் கண்ணைப் பார்த்து "விட்டுவிடட்டுமா" என்று கேட்க வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. "தாயே, முதல் யூனிட்டைப் படிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

வெள்ளை வந்தது.

பூசாரி பூவை என் கையில் கொடுத்துவிட்டு நடையைச் சாத்தப் பார்த்தார். "இன்னும் நாலு இருக்குதுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பூவைத் திரும்ப வாங்கி மறுபடி மடித்துக் கலைத்து வைத்தார். இரண்டாவதற்கும் வெள்ளை. மூன்றாவதற்கும் வெள்ளை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று வந்தாகிவிட்டது, மீதி இரண்டும் சிவப்புத்தான் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

நாலாவதற்கும் வெள்ளை வந்தது. ஐந்தாவதை எடுத்தேன். அதுவும் வெள்ளை.

வெளியே வந்ததும் ரஃபீக் சொன்னான். "மாப்ளே, நம்ம எச்.ஓ.டி.யாச்சும் முக்கியமான கேள்வின்னு நாலு சொல்லுவாரு. உங்க அம்மன் புக்கையே முழுசா படிக்கச் சொல்லுதேடா."

சிரிப்பு வரவில்லை எனக்கு. வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் மாமாவிடமும் சொன்னேன். சாயங்காலம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாமாவும் கோயிலுக்குக் கிளம்பினார். திரும்பி வந்தவர் கையில் ஒரு வெள்ளைப் பூ. "பையன ரிக்குக்குக் கூட்டிட்டுப் போட்டுமான்னு கேட்டனுங்க அக்கா. அம்மன் உத்தரவு குடுத்துருச்சு" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. எல்லா யூனிட்டையும் படிக்கவும் சொல்கிறாள், ரிக்கில் ஏறவும் சொல்கிறாள். அப்படியானால் நான் படித்தும் ஃபெயிலாகப் போகிறேன் என்றுதானே அர்த்தம்? தீர்ப்புச் சொன்னது அம்மாதான்.

"ரெண்டும் அவ சொன்னதுதான். ஒண்ணத் தள்ளி ஒண்ண எடுக்கறதுக்கு நாம யாரு? மொதல்ல படிச்சுப் பரிச்சை எழுதட்டும். பொறவு ஒரு நடை ரிக்குல போயிட்டு வரட்டும். பாஸாவறான், ஆவல, அத அவ பாத்துக்குவா."

அடுத்த நாளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரஃபீக் கடைக்குப் போனேன். போன தடவை படித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஐந்தாவது யூனிட்டில்கூடச் சில பக்கங்கள் வாங்கிய நாளிலிருந்து ஒட்டியபடியே இருந்தன. மத்தியானம் கடையில் ஆள் குறைந்ததும் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாடம். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் இடைவெளிகள் என்று ஒரு தேற்றம். எத்தனை தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. ரஃபீக் எழுந்து போய் பெரிதும் சிறிதுமான டப்பாக்கள் கொண்ட அடுக்குச் சம்படம் ஒன்றைக் கொண்டுவந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டான். "இப்டியே சின்னதாப் போயிட்டே இருக்குன்னு வச்சுக்க. எல்லாத்துக்கும் உள்ளார கடைசியில ஒரு கடுகு மட்டும் மிஞ்சும். அதாண்டா பாய்ண்ட்டு." மூன்று வருடமாக விளங்காதது அன்றைக்கு விளங்கியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்படம் வாங்க வந்த ஒரு அம்மா, விலையைக் கேட்டுத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்து வேறு கடைக்குப் போய்விட்டார்.

ரஃபீக்கின் அம்மா தினமும் எனக்கும் சேர்த்துச் சோறு கொடுத்தனுப்பினார். எனக்காகத் துவா செய்வதாகவும் சொல்லியனுப்பினார். இரண்டு வீட்டுப் பிரார்த்தனையும் என் முதுகில் இருந்ததால் படிக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

பரீட்சை அன்று கேள்வித்தாளைத் திறந்தேன். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் ஒழுங்காக ஒவ்வொரு பெரிய கேள்வி இருந்தது. அதில் மூன்றை எழுத வேண்டும். ஐந்தும் எனக்குத் தெரிந்திருந்தன. எதை விடுவது என்று தெரியாமல் அப்போதும் திணறினேன். ஆனால் இந்தத் திணறல் வேறு. தெரிந்ததில் எதை விடுவது என்ற திணறலை என் படிப்புக் காலத்தில் முதல் முறையாக அன்றுதான் அனுபவித்தேன். சம்படத் தேற்றத்தை விட மனமில்லாமல் முதலில் அதையே எழுதினேன்.

ரிசல்ட் வந்தபோது போனை நான் பார்க்கவில்லை, அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியுமே தவிர அர்த்தம் தெரியாது. "பி-ன்னு போட்டிருக்குது சாமி" என்றார். பி என்றால் பாஸ். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவரும் ஏனென்று கேட்காமல் கூடவே அழுதார்.

ஆனால் உத்தரவு உத்தரவுதான். தை மாதம் மாமாவோடு ரிக்கில் ஏறினேன். தர்மபுரிப் பக்கம் ஒரு தோட்டம். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, வண்டியைக் கிளப்பும் நேரத்தில் டீசல் புகை வந்தது. நான் ஒரே ஒரு தும்மல் போட்டேன். தோட்டக்காரருக்கு முகம் மாறிவிட்டது. ஒற்றைத் தும்மல் ஆகாது, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த தோட்டத்திலும் அதுவே நடந்தது. மூன்றாவது இடத்தில் மாமா என்னைக் கரும்புக்காட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு வந்தார். அங்கிருந்தும் கேட்டுவிட்டது.

மாமா என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். "அம்மன் உத்தரவு நெறவேறிப் போச்சு. நீ போயிப் படி சாமி. தண்ணி வாரத நான் பாத்துக்கறேன்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சன்னல் வழியாகக் கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றையும் கொடுத்தார்.

மாசியில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். அம்மா, மாமா, ரஃபீக் எல்லோரும் வந்திருந்தார்கள். ஐந்து வெள்ளைப் பூவின் பெருமையை நான் பூசாரியிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்குச் செவ்வரளியே இல்ல சாமி. மாரியம்மன் நோம்பிக்குன்னு மொட்டக்கூட உடாமப் பறிச்சுட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பொட்டலத்துலயும் நந்தியாவட்டைதான் இருந்துச்சு. பரிச்சைக்குப் படிக்கட்டுமான்னுதான கேப்பே, அதுக்கு எந்தச் சாமியாச்சும் வேண்டாம்னு சொல்லுமா? அதான் வச்சுட்டேன். நீ அஞ்சு வாட்டி கேப்பேன்னு எனக்கென்ன தெரியும்?"

பொங்கல் பானை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப நான் எதக் கேட்டிருந்தாலும் வெள்ளதான் வந்திருக்கும்?"

"ஆமாங்க."

"நல்ல வேளை, ரிக்க வித்துப்புடட்டுமான்னு கேக்காமப் போனேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்துப் போனது. வழியெல்லாம் நான் சொல்லிப் பார்த்தது "விட்டுவிடட்டுமா" என்பதை. அதையே அங்கே கேட்டிருந்தால் ஐந்து யூனிட்டையும் விடச் சொல்லி ஐந்து வெள்ளைப் பூ வந்திருக்கும். நானும் உத்தரவு கிடைத்த சந்தோஷத்தில் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பரீட்சைக்குப் போயிருப்பேன். அவள் முன்னால் நின்றதும் என் நாக்கைத் திருப்பியது யார்? பூவில் அற்புதம் இல்லை அன்பர்களே, ஒப்புக்கொள்கிறேன். கேள்வியில் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். எனக்குப் பூசாரி முதலில் கொடுத்துவிட்டார். அதை வீணாகாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

இப்போது எம்.எஸ்சி. படிக்கிறேன். எந்தப் பேப்பரிலும் எந்த யூனிட்டையும் விடுவதில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் நான் தங்கியிருக்கும் அறையில் ஜூனியர்கள் சிலர் வந்து பாடம் கேட்கிறார்கள். அலமாரியில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ரஃபீக் கொடுத்த அடுக்குச் சம்படம் இருக்கிறது.

கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைகளே, நீங்களும் தைரியமாக அவளிடம் போங்கள். நேருக்கு நேர் நின்று, வெட்கப்படாமல் கேட்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இன்னொன்றில் என்ன பூ என்று பூசாரியிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம், ரிசல்ட் வந்த பிறகு.