கிரேன் மேல் ஏறக் கூடாது என்று யார் சொன்னது?

அந்த இரும்புத் தகட்டுக் கிடங்கில் அவளை எல்லோரும் குடைச்சல் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே. அவளும் “என்ன?” என்று சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைப் பயன்படுத்தத்தான் ஆளில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, தீயணைக்கும் வாளியில் மணலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுக் கேட்டு, சூப்பர்வைசரை மூடியைத் திறந்து பார்க்க வைத்தவள் அவள். உள்ளே மணல் இல்லை. யாரோ ஒளித்து வைத்திருந்த செருப்பு ஒரு ஜோடி இருந்தது. குடைச்சல் என்ற பெயர் அன்றைக்கு வந்தது.

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவன் டெலிவரி வேன் ஓட்டுகிறவன். ஒரு நாள் கால் மணி நேரம் தாமதமாக வந்தால், எந்தத் தெருவில் பள்ளம், யார் தோண்டினார்கள், எப்போது மூடுவார்கள் என்று கேட்பாள். “போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ, என் தலையில வந்து விடிஞ்சிருக்க” என்பான். சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்கு நிஜமாகவே ஆசை.

கிடங்கில் அவள் வேலை சிக்னல் கொடுப்பது. கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும் பதித்த தண்டவாளத்தின்மேல் ஒரு பெரிய கிரேன் ஓடும். அதன் ஓரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டுபவரை ‘மேலே இருக்கிறவர்’ என்பார்கள். அங்கிருந்து பார்த்தால் சுமையின் அடிப்பக்கம் தெரியாது. அதனால் கீழே ஒருவர் நின்று, கையால் ஏற்று, இறக்கு, நிறுத்து என்று காட்ட வேண்டும். நான்கு டன் தகட்டுச் சுருள் தலைக்கு மேலே ஊசலாடும்போது அந்தக் கை தடுமாறக் கூடாது. ஒன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் அதைச் செய்துவந்தாள்.

மேலே இருக்கிறவருக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். கிரேனோடு ஐந்து வருடத் தள அனுபவம், அதாவது கீழே தரையில் நின்று வேலை செய்த அனுபவம், உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி. பிறகு சோதனை ஓட்டம். குடைச்சல் அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். இத்தனை வருடம் கையால் சொன்னதை ஒரு முறையாவது தானே செய்து பார்க்க வேண்டும். கொஞ்ச நாள் ஆசை இல்லை அது. ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, அது ஆடாமல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து பழகி வருடக்கணக்காகிறது. ஆடுகிற பக்கமே கையையும் கொண்டுபோனால் ஆட்டம் அடங்கிவிடும் என்பது அவள் கண்டுபிடித்தது. அந்தச் சமயத்தில் சாவி கேட்டு வாசலில் நிற்கும் கணவனின் பாடுதான் திண்டாட்டம்.

திங்கட்கிழமை விண்ணப்பத்தை நீட்டினாள். சூப்பர்வைசர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“பொம்பளைங்க மேல ஏறக் கூடாதும்மா. ரூல் இருக்கு.”

வேறு யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும். அவளுக்கு வந்தது ஆச்சரியம்தான். ஒன்பது வருடத்தில் தன் கண்ணில் படாமல் ஒரு விதியா?

“எங்க சார் இருக்கு? பாக்கலாமா?”

“ரூல்னா ரூல்தான். அதை எதுக்குப் பாக்கணும்?”

இப்படி ஒரு பதிலை அவளிடம் சொல்லியிருக்கவே கூடாது. மதிய இடைவேளையில் நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனாள். விதிப் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் மனிதர் அவர். “ஆமா, இருக்கே” என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடியும் புரட்டினார். கிரேன் ஓட்டுபவருக்குப் பார்வை சரியாக இருக்க வேண்டும், காது கேட்க வேண்டும், தலைசுற்றல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் இருந்தது.

“இன்சூரன்ஸ்காரங்க போட்ட ரூலா இருக்கும்” என்று தலையைச் சொறிந்தார்.

மறுநாள் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நாலு பேர் கைமாறி ஐந்தாவது ஆள் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்: “ஓட்டுறவர் ஆணா பொண்ணான்னு எங்க படிவத்துல கேக்குற இடமே இல்லைங்களே. உங்க கம்பெனியிலதான் கேக்கணும்.”

அவளுக்கு ஒரே குஷியாகிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த விதி, யாரிடமும் இல்லை! எழுதியவர் யாராக இருக்கும்? என்ன நினைத்து எழுதியிருப்பார்? இதைக் கேட்ட கணவன், “உனக்கு வேல வேணுமா, அந்த ஆள் வேணுமா?” என்றான்.

“ரெண்டும்தாங்க” என்றாள்.

புதன்கிழமை பணியாளர் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்த பெண் எழுத்தருக்குக் கிட்டத்தட்ட இவள் வயதுதான். பன்னிரண்டு வருடமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறவர். குடைச்சல் எல்லாவற்றையும் கொட்டி முடித்ததும் சிரித்தார்.

“அப்படி ரூலெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?”

“நானா?”

எழுத்தர் அலமாரியிலிருந்து அவளுடைய கோப்பை எடுத்துப் பிரித்தார். ஏழாவது தாள். அச்சடித்த நான்கு வரி. ‘உயரமான இடங்களில் பணிபுரிய எனக்கு விருப்பமில்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் இதை எழுதிக் கொடுக்கிறேன்.’ கீழே அவளுடைய கையெழுத்து. கடைசி எழுத்துக்கு அடியில் அவள் எப்போதும் போடும் சுழியோடு.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. மூன்று நாளாக அவள் தேடிய ஆள் அவளேதான்.

வேலையில் சேர்ந்த நாள் நினைவுக்கு வந்தது. ஒரு கட்டுத் தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. வேலை கிடைத்த சந்தோஷத்தில் கண்மண் தெரியாமல் போட்டுக்கொண்டே போனாள். தக்காளிக்காரரிடம் எந்தத் தோட்டத்துத் தக்காளி என்று கேட்காமல் வாங்காதவள், அன்றைக்கு ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அவமானமாக இருந்தது. அந்தப் பெண் எழுத்தர் முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. நல்லவேளை, அழுகைக்கு முன்னால் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“ஆம்பளைங்க கோப்புல இந்தத் தாள் இருக்கா மேடம்?”

“அவங்களுக்கு வைக்கறதில்ல. பொம்பளைங்கன்னா மஞ்சள் கட்டு. அதுல இது இருக்கும்.”

“யார் வைக்கச் சொன்னாங்க?”

“தெரியலையேக்கா. நான் வந்தப்பவே கட்டு இப்படித்தான் இருந்துச்சு. தீர்ந்தா நகல் எடுத்து வெப்பேன்.”

“நான் எழுதினதுன்னா நானே வாபஸ் வாங்கலாம்தானே?”

“அதுக்குப் படிவம் இல்லையே.”

“வெள்ளைத் தாள் இருக்கா?”

இருந்தது. ஜன்னல் கட்டையிலேயே வைத்து எழுதினாள். ‘உயரமான இடத்தில் வேலை செய்ய விருப்பமா என்று இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் கொடுத்த பதிலைத் திரும்பப் பெறுகிறேன். எனக்கு விருப்பம் உண்டு.’ இந்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு தடவை படித்தாள்.

கடிதமும் விண்ணப்பமும் மேலாளரின் மேசைக்குப் போயின. அவர் கெட்டவர் இல்லை. தன் கம்பெனியில் அப்படி ஒரு தாள் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் முடிவெடுக்கத் தயங்குகிற ஜாதி. மேலே இருக்கிறவரைக் கீழே கூப்பிட்டு, “இந்தம்மா ஓட்டுவாங்களா?” என்று கேட்டார்.

“ஓட்டுவாங்களான்னு எனக்குத் தெரியாது சார். அந்தம்மா லீவு போட்ட அன்னைக்கெல்லாம் நானும் லீவு போட்டுடுவேன். வேற யார் கையையும் நம்பி நான் இறக்கறதில்ல. ரெஜிஸ்டரைப் பாருங்க.”

மேலாளர் ரெஜிஸ்டரைப் பார்த்தார். ஒன்பது வருடமும் அப்படித்தான் இருந்தது. அவர் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சிக்கு இரண்டு பேர் ஏறினார்கள். இன்னொருவன் சூப்பர்வைசரின் மச்சான். தள அனுபவம் ஐந்து வருடம் இருப்பதாகச் சொன்னார்கள். அதில் நாலரை வருடம் அவன் கேண்டீன் பக்கம்தான் அனுபவப்பட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அவனிடம் யாரும் உயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் நாள் ஏணியில் பாதி ஏறியதும் அவனுக்குத்தான் கால் நடுங்கியது. ஆனாலும் இரண்டு வாரத்தில் ஓரளவு தேறிவிட்டான். அதையும் சொல்ல வேண்டும்.

சோதனை நாளன்று தரையில் கூட்டம் கூடிவிட்டது. மச்சான் முதலில் ஓட்டினான். சுருள் அப்படியும் இப்படியும் ஆடி, ஒரு வழியாகத் தரையில் வைத்திருந்த மரக்கட்டைமேல் உட்கார்ந்தது. அடுத்து குடைச்சல். கீழே சிக்னல் கொடுத்தது சூப்பர்வைசர். சுருளைத் தூக்கும் பெல்ட்டைக் கொக்கியில் மாட்டச் சொல்லிவிட்டு, ஏற்று என்று விரலைச் சுழற்றினார்.

கிரேன் அசையவில்லை.

அவர் மறுபடியும் சுழற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. “பயந்துடுச்சு போல” என்று யாரோ சொன்னது அவள் காதுக்கு எட்டவில்லை, ஆனால் கூட்டத்தின் முகங்கள் மேலிருந்து தெரிந்தன. அவளுக்குப் பயம்தான். இருந்தாலும் லீவரில் கை வைக்காமல் ஹாரனை அழுத்தினாள். இரண்டு தடவை. பிறகு கூண்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விரலால் முறுக்கிக் காட்டினாள். மேலாளர்தான் முதலில் குனிந்து பார்த்தார். சூப்பர்வைசர் கண்ணுக்கு மறைந்திருந்த பக்கம் பெல்ட் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டிருந்தது. அப்படியே தூக்கியிருந்தால் அறுந்து விழுந்திருக்கலாம்.

பெல்ட்டை அவிழ்த்துச் சரியாக மாட்டினார்கள். அப்புறம் அவள் தூக்கினாள். பாதி வழியில் சுருள் ஆட ஆரம்பித்தது. ஆடுகிற பக்கமே கிரேனைக் கொஞ்சம் ஓட்டி, ஆட்டத்தை அடக்கி, கட்டைமேல் இறக்கினாள். கட்டையின் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் உட்கார்ந்தது. மேலாளர் நாடா வைத்து அளந்து பார்த்துவிட்டு, இது போதும் என்றார். மச்சான் இறக்கியது இரண்டு சாண் தள்ளி இருந்தது.

நியமன உத்தரவை வாங்க அடுத்த செவ்வாய்க்கிழமை பணியாளர் பிரிவுக்குப் போனாள். எழுத்தர் உத்தரவைக் கொடுத்து, கையெழுத்து வாங்கினார். குடைச்சல் திரும்பியபோது, “ஒரு நிமிஷம்கா, உள்ள வாங்களேன்” என்று கதவைத் திறந்தார். அவர் மேசைமேல் ஒரு கோப்பு பிரித்தபடி கிடந்தது.

“இது என்னோடது. பன்னெண்டு வருஷமா மத்தவங்க கோப்பைத்தான் பிரிச்சிருக்கேன். என்னோடதை நேத்துதான் பாத்தேன்.”

அதில் உயரத்தைப் பற்றி எதுவும் இல்லை. ‘வெளியூர்க் கிளைகளில் பணிபுரிய எனக்கு விருப்பமில்லை’ என்று இருந்தது. மற்றபடி அதே வரிகள், அதே பென்சில் குறி.

“அதிகாரி பதவி ரெண்டு தடவ வந்துச்சுக்கா. கிளையில வேல பாத்த அனுபவம் இல்லைன்னு ரெண்டு தடவையும் எனக்கப்புறம் சேர்ந்தவங்களுக்குக் குடுத்துட்டாங்க. என்னை ஏன் கிளைக்கு அனுப்பலைன்னு நான் கேக்கவே இல்ல. எனக்கு ராசி இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

குடைச்சலுக்கு அன்றைக்குக் கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. எழுத்தர் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எழுதுங்க. உயரத்துக்குப் பதிலா கிளைன்னு போடுங்க. மத்ததெல்லாம் அதேதான்.”