பதினொரு அசிஸ்ட்

1. மேசையில் இருந்தது யார்?

கனடாவில் இருந்து வரும் காணொளிகளை நான் முதல் தடவையிலேயே நம்புவதில்லை. அவற்றை வெட்டி ஒட்டுவது பெரும்பாலும் தகப்பன்மார். தகப்பன் வெட்டிய காணொளியில் மகன் பந்தைத் தவறவிட்டதாகச் சரித்திரமே கிடையாது.

சுவிஸில், எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு கூடைப்பந்துக் கழகத்தின் இளையோர் பிரிவுக்கு நான் ஆட்டக்காரர்களை மதிப்பிட்டுக் கொடுக்கிறேன். தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றபின் பிடித்த வேலை இது. சுவிஸ் கடவுச்சீட்டோடு கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே மாகாணப் போட்டிகளிலும் தேசியப் போட்டிகளிலும் ஆடுகிறார்கள். அவர்கள் இங்கே வந்தால் வெளிநாட்டு ஆட்டக்காரர் கணக்கில் சேர மாட்டார்கள். அதனால் கழகங்கள் அவர்களைத் தேடுகின்றன. தகப்பன்மார் எங்களைத் தேடுகிறார்கள்.

நிரோஜன் அப்படி ஒருவன். வயது பதினாறு, இங்கே கூர் நகரில் பிறந்தவன். தகப்பன் சிவநேசன் அங்கே ஹோட்டல் சமையலறையில் இருந்துவிட்டு, கனடாவில் ஒரு சிறிய மாகாணத்துக்குப் போனவர். மாகாண இறுதி ஆட்டத்தின் புள்ளித்தாளை எனக்கு அனுப்பியிருந்தார். மகனுக்குப் பதினொரு அசிஸ்ட் என்று அதில் இருந்தது. கூடைப்பந்தில் அசிஸ்ட் என்றால் கூடைக்கு முந்திய கடைசிப் பாஸ்; அதைப் பிடித்தவனே கூடை போட்டிருக்க வேண்டும். நான் வெட்டாத முழு ஆட்டத்தையும் கேட்டு வாங்கி எண்ணினேன். நான்கு வந்தது. மறுபடி எண்ணினேன். நான்குதான்.

படிப்போடு சேர்ந்த எங்கள் விடுதியில் ஒரே ஓர் இடம் மிச்சம். திங்கட்கிழமை முடிவு. அடுத்த வருடம் அவனுக்கு விடுதியில் சேரும் வயது கடந்துவிடும். சிவநேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“தம்பி, அண்டைக்குப் புள்ளி எழுதின மேசையில ஆர் இருந்தது?”

“பெற்றோர் தொண்டர்கள்தான் அண்ணை. ஏன்?”

“உங்கட ஆக்கள் ஆரும் இருந்தவையோ?”

“என்ர மனுசி இருந்தவ. அவ மணிக்கூடு மட்டும்தான் பார்த்தவ. எழுதினது வேற ஒரு வெள்ளைக்கார மனுசன். இதென்ன அண்ணை, பொலிஸ் மாதிரி விசாரிக்கிறியள்?”

மணிக்கூடு பார்ப்பவருக்கும் புள்ளி எழுதுபவருக்கும் இடையில் ஒரு கதிரைதான் இருக்கும். அதை நான் சொல்லவில்லை. அறிக்கையில் ‘நம்பத்தகாத எண்கள், பரிந்துரை இல்லை’ என்று எழுதிவிட்டேன்.

2. ஹொக்கிக்காரர்

இளையோர் பிரிவின் பயிற்சியாளர் துஷானி. இங்கேயே பிறந்தவள், என் மகளின் வயது. எனக்கு வேலை தருபவளும் அவள்தான். அறிக்கையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், நீங்கள் ஆரையாவது நம்பின வருசம் ஒண்டு இருக்கோ?”

“தாளில பதினொண்டு, ஆட்டத்தில நாலு. இதில என்னத்தை நம்பிறது?”

அவள் புள்ளித்தாளை அருகில் வைத்து, காணொளியைப் போட்டு நான்கைந்து கூடைகள் வரை பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

“நீங்கள் ஐஸ்ஹொக்கி பாக்கிறேல்லையோ?”

“அந்தக் குளிருக்க ஆர் போறது?”

“ஹொக்கியில ஒரு கோலுக்குக் கடைசிப் பாஸ் குடுத்தவனுக்கும் அசிஸ்ட், அதுக்கு முந்திக் குடுத்தவனுக்கும் அசிஸ்ட். கனடாவில பனிக்காலம் முழுக்க ஹொக்கிக்கு எழுதின மனுசன் ஆரோ கூடைப்பந்துக்கும் அப்பிடியே எழுதியிருக்கு.”

நல்ல விளக்கம்தான். விளக்கம் நன்றாக இருந்தால் எனக்கு இன்னும் சந்தேகம் வரும். மேசைக்காரர் எல்லோருக்கும் அப்படி எழுதினாரா, நிரோஜனுக்கு மட்டும் எழுதினாரா? அதுவரை நான் அவன் ஒருவனைத்தான் எண்ணியிருந்தேன். தாளை எடுத்து இரண்டு அணிகளையும் கூட்டினேன். அவன் அணி போட்ட கூடைகள் இருபத்தேழு, அசிஸ்ட் முப்பத்தைந்து. எதிரணியின் கூடைகள் இருபத்திநான்கு, அசிஸ்ட் முப்பத்தொன்று. கூடைகளை விட அசிஸ்ட் கூடுதலாக வரவே முடியாது. மேசைக்காரர் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. இரண்டு பக்கமும் ஒரேமாதிரிப் பிழைவிட்டிருந்தார்.

“சரி, கள்ளமில்லை,” என்றேன்.

“கள்ளமில்லைத்தான். ஆனா நாலு எண்டா என்ன செய்யிறது?” துஷானி இப்போது சிரிக்கவில்லை. “நாலு அசிஸ்ட் போடுற பொடியள் எங்களிட்டயே இருக்கினம். அதுக்குக் கனடாவில இருந்து ஏன் கூப்பிட?”

திங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் ஆட்டத்தை மறுபடி போட்டேன். இந்தமுறை பந்து கூடைக்குள் விழுந்ததும் பின்னோக்கி ஓட்டி, கடைசிப் பாஸுக்கு முந்திய பாஸைப் பார்த்தேன். ஏழு தடவை அது நிரோஜனின் கையில் இருந்து போயிருந்தது. ஏழிலும் எதிரணிக் காவல்காரர் இருவர் அவன் பக்கம் திரும்பி, வேறொருவனுக்கு வழி விட்டிருந்தார்கள். எங்கள் விளையாட்டில் அந்தப் பாஸை யாரும் எழுதுவதில்லை. எங்கள் பொடியன்களின் கடைசி ஆட்டத்தையும் அப்படியே எண்ணினேன். அதிகமாக வைத்திருந்தவனுக்கு இரண்டு.

துஷானி அந்த ஏழையும் பார்த்தாள். “ஒரு கிழமைக்கு வரச் சொல்லுவம். வந்து ஆடிக் காட்டட்டும். இடத்தை அதுவரைக்கும் பிடிச்சு வைப்பம்,” என்றாள்.

கழகத்தில் விசாரித்துவிட்டு அன்று மாலை சிவநேசன் அழைத்தார்.

“அண்ணை, பதினொண்டு எண்டு கிடந்ததை நாலாக்கிப் போட்டியளாம்.”

“ஓம்.”

“ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இப்பிடிச் செய்யலாமோ?”

“நாலாக்கினதாலதான் தம்பி மிச்ச ஏழும் என்னெண்டு தெரிஞ்சது. அதுக்குத்தான் கூப்பிடுகினம். அவனுக்கு பிளேன் ரிக்கெற்றைப் போடுங்கோ.”

3. அளவு நாடா

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சந்தேகப்படுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் சந்தேகப்பட்டவனை மட்டும் எண்ணாதீர்கள். அருகில் நிற்கிறவர்களையும் எண்ணுங்கள்.

நிரோஜன் பயிற்சிக்கு வந்த காலையில் நான் அளவு நாடாவோடு போனேன். தகப்பன்மார் உயரத்தையும் கூட்டி எழுதுவார்கள். அவனைச் சுவரோடு நிறுத்தப் போன நான், மண்டபத்தில் நின்ற பன்னிரண்டு பேரையும் வரிசையாக வரச் சொன்னேன். துஷானி தலையில் அடித்துக்கொண்டாள்.

நிரோஜன், தகப்பன் எழுதிய உயரமே இருந்தான். எங்கள் கழகத்துப் பொடியன்கள் மூன்று பேர், தாங்கள் எழுதித் தந்ததை விடக் கட்டையாக இருந்தார்கள்.

நிரோஜனைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி இன்னொருமுறை அளந்தேன்.