சிக்னல் இல்லாத இடத்து ஸ்ரீரஞ்சனி

மயிலாப்பூர் கிழக்கு மாடவீதிக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஸ்ரீரஞ்சனிக்கு ஐம்பத்திரண்டு வயது. வானொலி அறிவிப்பாளர் தேர்வுக்கு நான்கு முறை போனார். நான்கு முறையும் "குரல் பிரமாதம், சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அனுப்பினால்தானே!

கணவர் பத்ரிநாராயணன் செல்போன் பொறியாளர். வெளிநாட்டுக் கருவிகளை நம்பாமல் இங்கேயே உருவாக்கிய 4ஜி நெட்வொர்க்கை மயிலாப்பூர், அடையாறு பக்கம் ஓட வைப்பது அவர் பொறுப்பு. எல்லாம் தயாரான பிறகுதான், போன் கால் போகாவிட்டால் அதைத் தமிழில் சொல்ல ஒரு குரல் வேண்டுமே என்று யாருக்கோ உறைத்தது. பத்ரி மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்." ஒரே டேக்கில் ஓகே.

புது நெட்வொர்க் தள்ளாடிய தள்ளாட்டத்தில் ஸ்ரீரஞ்சனி ஊரெங்கும் ஒலித்தார். குளத்தோரம் பூ விற்கும் முத்தம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புள்ளைக்கு போன் போட்டா நீதாம்மா பேசிக்கினு கீற. இன்னா கொரலு!" அன்றைக்கு வாங்கிய பூவை மூன்று வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

பத்ரிதான் கெடுத்தார். மென்பொருளைத் திருத்தினார், லஸ் முனையில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆபீசில் கைதட்டல், வீட்டில் உப்பில்லாத ரசம்.

"சாந்தோம்ல இன்னும் கால் போறதில்லையாமே?" என்று ஸ்ரீரஞ்சனி ஆசையாகக் கேட்பார்.

"அதுவும் சரி பண்ணியாச்சு."

"ஏன்னா, உங்களுக்கு வேற வேலையே கிடையாதா?"

போன மாதம் முத்தம்மாவே கேட்டுவிட்டாள். "இப்பல்லாம் உன் கொரலே கேக்கறதில்லியேம்மா. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

வீட்டுக்கு வந்து ஸ்ரீரஞ்சனி அழுதார். விளையாட்டில்லை, நிஜமாகவே அழுதார். "ஊரே கேட்டுது. நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கேளா?"

பத்ரி கேட்டதில்லை. ரெக்கார்டிங் அன்றுகூட வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். மனிதருக்கு வெட்கமாகிவிட்டது. சமையலறைக்குப் போய் தன் போனை பிரஷர் குக்கருக்குள் வைத்தார். கேஸ்கட்டை அழுத்தி, மூடி, வெயிட்டும் போட்டார்.

"நாலு பக்கமும் உலோகம். சிக்னல் உள்ள போகாது. இப்போ உன் போன்லேர்ந்து எனக்குப் போடு. ஸ்பீக்கர்ல வை."

கச்சேரிக்கு உட்காருவது போல இருவரும் உட்கார்ந்தார்கள். ஸ்ரீரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பரைத் தொட்டார்.

குக்கருக்குள் மணி அடித்தது.

இருபது வருடமாக சிக்னலுக்காகவே உழைத்தவர், அது கிடைத்துவிட்டதே என்று முதல் முறையாகக் கலங்கினார். "மூடி சரியா உக்காரலையோ என்னவோ..."

"சரியாத்தான் மூடியிருக்கேள்." ஸ்ரீரஞ்சனி குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி நிற்கவில்லை. "நன்னாத்தான் வேலை பண்ணியிருக்கேள். எடுத்துப் பேசுங்கோ."